மடிப்புக் கலையாத கை

பவுல்சாமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவருடைய கைகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவை ஒரு பூகோள வாத்தியாரின் கைகள். சாக்பீஸ் பிடிக்கும், தேசப்படத்தைச் சுருட்டி வைக்கும், இரவில் மகள் படுக்கப் போகுமுன் அவள் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போடும். ஜொவிட்டாவுக்குப் பல் முளைக்காத காலத்திலிருந்து அந்தச் சிலுவை ஒரு நாளும் தவறியதில்லை. இதற்கு மேல் அந்தக் கைகளுக்கு உலகத்தில் பெரிய வேலை எதுவும் இருந்ததில்லை. ஓக்லி கிளப் குறுக்கே வந்திராவிட்டால் கடைசிவரை இருந்திருக்கவும் போவதில்லை.

மாப்பிள்ளை ஆண்ட்ரூவுக்கு அப்பா கிடையாது. வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா ஜோன். தலைமயிர் கறுப்பாக இருந்தபோது ஓக்லி கிளப்புக்கு விண்ணப்பம் போட்டு, தலையில் ஒன்றுமே இல்லாமல் போன பிறகு உறுப்பினர் ஆனவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சாந்தோம் வீட்டுக்கு வந்து, "ரிசப்ஷன் அடையாறுல எங்க கிளப்லதான். என்னோட கிஃப்ட்" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"பவுல், உங்ககிட்ட கோட்டு இருக்கில்ல?"

"என் கல்யாணத்துக்குத் தைச்சது இருக்கு."

"கைல மடிப்பு இருக்கா?"

"எந்தக் கைல?"

ஜோன் மறுபடியும் உட்கார்ந்தார். இது நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

ஓக்லி கிளப்பின் பெரிய ஹாலில், அதை ஆரம்பித்த சர் ஹம்ஃப்ரி ஓக்லியின் ஆளுயர எண்ணெய் ஓவியம் தொங்குகிறது. அதில் அவருடைய கோட்டின் கையில், தோளிலிருந்து மணிக்கட்டுவரை, கத்தி வைத்துக் கீறினாற்போல ஒரு மடிப்பு. அதனால் கிளப்புக்குள் கால் வைக்கும் ஒவ்வோர் ஆணும் கோட்டு போட வேண்டும். கோட்டின் இரண்டு கைகளிலும் அந்த மடிப்பு இருக்க வேண்டும். மடிப்புக் கலையக் கூடாது என்பதால் உள்ளே இருக்கும்வரை முழங்கையை மடக்கக் கூடாது.

"மடக்கிட்டா?" என்று கேட்டாள் பவுல்சாமியின் மனைவி ரெஜினா.

"மடக்கினவர் வெளிய போகணும். விருந்து கொடுக்கறவர் மடக்கிட்டா விருந்தே வெளிய போகணும். கூடவே என் மெம்பர்ஷிப்பும்." ஜோன் பவுல்சாமியின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "கிளப் விதிப்படி பொண்ணோட அப்பா நீங்கதான் விருந்து கொடுக்கறவர். எல்லாம் இந்தக் கைலதான் இருக்கு சம்பந்தி."

அவர் போன பிறகு ரெஜினா, "பேசாம நம்ம பாரிஷ் ஹால்ல வச்சுக்கலாமே" என்றாள். பேசாமல் வைத்துக்கொள்ளக்கூடிய சம்பந்தியா அவர்? பவுல்சாமி அன்று மத்தியானம் தூங்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். கைகளை மடக்கியும் நீட்டியும் பார்த்தார். பிறந்ததிலிருந்து கூடவே இருப்பவை, திடீரென்று யாரோ இரவல் கொடுத்தவை போலத் தோன்றின.

தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், கோட்டு தைப்பதற்கென்றே ஹபீபுர் ரஹ்மான் என்று ஒருவர் இருந்தார். அவர் கோட்டை வாங்கிப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கோட்டு கை உருண்டையா இருக்கணும் சார். உள்ள இருக்கற கை உருண்டைதானே? பேன்ட்டைக் கொண்டாங்க, எத்தனை மடிப்பு வேணாலும் போடறேன். கோட்டு கைல கோடு போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்குப் பள்ளிவாசல்ல என் பக்கத்துல எவன் நிப்பான்?"

"கிளப்ல கேக்கறாங்க பாய்."

"கிளப்புல சட்டையைத் தலைகீழா மாட்டச் சொல்வாங்க. மாட்டுவீங்களா?"

பவுல்சாமி கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். மகளுக்காக மாட்டுவேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசியில் அந்தக் கோட்டு தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் வேலம்மாவிடம் வந்து சேர்ந்தது. வேலம்மாவுக்குக் கொள்கை எதுவும் கிடையாது.

"இன்னா சாரே, பேன்ட்டு மேரி கைல கோடு வோணுமா? குடு. உனுக்கு எங்க வோணுமோ அங்க போடறேன். முதுகுல வோணுமா?"

"முதுகுல வேணாம்மா."

கரி கனன்ற பெட்டியைத் தூக்கி அவள் அழுத்திய அழுத்தில் கோட்டு புகைந்தது. கோடு விழுந்தது. டிரங்குப் பெட்டிக்குள் பல வருஷம் மடித்துக் கிடந்ததில் ஏற்கெனவே விழுந்திருந்த கோடும் அதன் பக்கத்திலேயே நின்றது. ஆக, ஒவ்வொரு கையிலும் ரயில் தண்டவாளம் போல இரண்டு.

விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை கிளப்பில் மடிப்புப் பார்வை. மே மாத வெயிலில், வராந்தாவில், இன்னும் நாலைந்து பேர் கோட்டு போட்டுக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி கைகளை முன்னால் நீட்டியபடி நின்றிருந்தார்கள். அவர்களும் பெண்ணைப் பெற்றவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கிளப்பின் செயலாளர் ஸ்ரீரங்கன் வெளியே வந்தார். மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கோட்டுக் கைகளில் அதைவிட மெல்லிய மடிப்பு. அவருக்குப் பின்னால் பேரர் ஒருவன், கிளப்பின் பணியாள், நிழல் மாதிரி வந்தான்.

"வாங்கோ, வாங்கோ. உக்காராதேள்."

"உட்காரக் கூடாதுங்களா?"

"உக்காந்தா முட்டி மடங்கும். முட்டி மடங்கித்துன்னா முழங்கைக்கும் ஆசை வந்துடும்." சொல்லிவிட்டு அவர் பேரரைப் பார்த்து லேசாக முகத்தைத் தூக்கினார். பேரர் ஒரு கைக்குட்டையால் அவருடைய மூக்கின் நுனியைத் தேய்த்துவிட்டான். "இவா இல்லேன்னா எங்களுக்கு ஒண்ணும் நடக்காது. சாப்பாடு ஊட்டறது, கண்ணாடி மாட்டிவிடறது, அரிச்சா சொறியறது எல்லாம் இவாதான். மனுஷாளை நம்பி வாழறதுதானே சார் நாகரிகம்?"

மடிப்புக் குழுவின் தலைவரும் கிளப்பின் தலைவரும் ஒருவரே. பெயர் ஜெயராம். அவர் பவுல்சாமியின் தோளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலும் மடிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு தம் கட்டைவிரலை மடிப்பின் மேல் ஓட்டினார்.

"ரத்தம் வரலை" என்றார் வருத்தத்தோடு. அடுத்த நொடி அவர் முகம் சிவந்தது. "ஸ்ரீரங்கன்! இவர் கைல ரெண்டு கோடு இருக்கு!"

ஸ்ரீரங்கன் பவுல்சாமியின் காதருகே குனிந்தார். "ரெண்டு கோடு பிரெசிடெண்ட் மட்டும்தான் போட்டுக்கலாம். என்ன காரியம் பண்ணிட்டேள்?"

"தெரியாமப் போட்டாங்க சார். இஸ்திரிக்காரம்மா..."

ஜெயராம் கையை உயர்த்தினார். தோளிலிருந்து மட்டும், ரயில்வே கைகாட்டி மாதிரி. பேசப் போகிறார் என்று புரிந்து எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்.

"வெள்ளைக்காரன் போறச்சே எங்க கைல என்னெல்லாம் கொடுத்துட்டுப் போனான் தெரியுமோ? லைப்ரரி கொடுத்தான். சாவி தொலைஞ்சு போச்சு, பூட்டியே கெடக்கு. நீச்சல் குளம் கொடுத்தான். அதுல இப்போ பழைய நாற்காலி போட்டு வெச்சிருக்கோம். பில்லியர்ட்ஸ் மேஜையைக் கரையான் தின்னுடுத்து. டென்னிஸ் கோர்ட்டுல யாரோ கீரை போட்டிருக்கா, நல்லா வந்திருக்கு. ஆனா மடிப்பு? மடிப்பு நின்னுண்டிருக்கு சார்! ஒண்ணே ஒண்ணைக் காப்பாத்தினோம். அதைக் காப்பாத்தறதுக்காகத்தான் மத்ததையெல்லாம் விட்டோம்!"

உறுப்பினர்கள் கை தட்ட முடியாததால் காலால் தரையைத் தட்டினார்கள். பவுல்சாமியும் தட்டினார். தட்டாவிட்டால் மகளுக்குக் கெடுதல் வருமோ என்று பயமாக இருந்தது.

ஒரு கோட்டை அழித்து, மிஞ்சிய கோட்டைக் கூர்மையாக்கி வருவதாக வாக்குக் கொடுத்துத் தப்பித்தார்.

வேலம்மா இந்த முறை விளையாடவில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, கெட்டியாகப் பூசி, மேலே ஈரத்துணி போட்டுத் தேய்த்தாள். கோட்டைத் தரையில் நிறுத்தியபோது அது தானாகவே நின்றது. சாந்தோம் கோயில் பங்கிலிருந்து விருந்துக்குப் போகிற அத்தனை பேரும் தங்கள் கோட்டுகளை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். "இன்னாத்துக்கு சாரே இந்தக் கூத்து? கல்யாண வூட்டுக்குப் போறீங்களா, ராணுவத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் அதே கஞ்சியைப் பூசினாள்.

காலையில் கோயிலில் திருமணம் நல்லபடியாக முடிந்தது. அங்கே ஃபோட்டோக்காரர் பவுல்சாமியை "சார், கொஞ்சம் பின்னாடி, இன்னும் பின்னாடி" என்று சொல்லித் தள்ளிக்கொண்டே போனதில் அவருக்கு மகள் பக்கத்தில் போகவே வாய்க்கவில்லை. சாயங்காலம் விருந்து. அது முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அப்படியே சென்ட்ரல் போய் பம்பாய் மெயிலைப் பிடிக்க வேண்டும். ஆண்ட்ரூவுக்கு அங்கேதான் வேலை.

கிளப்புக்குப் போக ஆட்டோ. ரெஜினா பெண்ணோடு காரில் போய்விட்டாள். பவுல்சாமி கைகளை மடக்க முடியாமல் நேரே நீட்டினார். டிரைவரின் இரண்டு காதுகளையும் தாண்டி அவை ஹேண்டில்பார்வரை போய் நின்றன.

டிரைவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "இன்னா நைனா, வண்டிய ஓட்டறது நீயா, நானா?"

"கிளப்புல விதி அப்படிப்பா."

"அது சரி. ஹாரனாச்சும் நீயே அடிச்சிக்கினு வா."

அடையாறு பாலத்தில் பவுல்சாமி ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

வாசலில் ஜெயராம் கட்டைவிரலை ஓட்டினார். விரல் நுனியில் புள்ளியாகச் சிவப்பு அரும்பியது. அவர் கண்கள் கலங்கின. "உள்ள போங்கோ" என்றார்.

ஹால் நிறைய பங்கு மக்கள், கைகளை விறைத்துக்கொண்டு, துணி காயப்போடும் கம்பங்கள் மாதிரி நின்றிருந்தார்கள். வியர்வை மடிப்பைக் கெடுக்கும் என்பதால் வியர்க்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. கரண்ட் இல்லாததால் எல்லோரும் அந்த விதியை மீறிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு விதி எதுவும் இல்லை. பெண்கள் இருக்கிறார்கள் என்பதை கிளப் இன்னும் முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. பேரர்கள் வரிசையாக ஆண்களின் வாயில் சமோசாவை ஊட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாய் மென்று முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

பவுல்சாமிக்கு நிலைகொள்ளவில்லை. மகள் மேடையில் இருந்தாள். அடிக்கடி இவரைப் பார்த்தாள். இவர் கையசைக்கக்கூட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தவிப்பில் அங்குமிங்கும் நடந்தவர், சர் ஹம்ஃப்ரியின் ஓவியத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

மடிப்பு இருந்தது. தோளில் தொடங்கி மணிக்கட்டுவரை வந்தது. ஆனால் அங்கே நிற்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டி, கீழே இருந்த மேஜையின் காலில் இறங்கி, பக்கத்தில் படுத்திருந்த நாயின் வயிற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சட்டம்வரை போயிற்று. மேலேயும் அப்படித்தான்; தோளிலிருந்து திரைச்சீலை வழியாக உச்சிவரை.

பவுல்சாமி அந்த மடிப்புக் கோட்டை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பள்ளிக்கூடத்தில், ஆண்டுக்கணக்கில் மடித்தே வைத்திருந்த தென் அமெரிக்கா படத்தில் இதே மாதிரி ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் பையன்கள் அதை ஒரு நதி என்று வரைந்து, அதற்குப் பெயரும் எழுதிவைப்பார்கள்.

பக்கத்தில் ஸ்ரீரங்கன் வந்து நின்றார்.

"சார்," பவுல்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னார், "இது கோட்டுல இருக்கற மடிப்பு இல்லைங்க. படத்தையே யாரோ மடிச்சு வச்சிருந்திருக்காங்க. நாய் மேலயும் போகுது பாருங்க."

ஸ்ரீரங்கன் ஆச்சரியப்படவில்லை. "கப்பல்லேருந்து எறக்கறச்சே ரெண்டா மடிச்சுக் கொண்டுவந்துட்டான்னு எங்க தோப்பனாரே சொல்லியிருக்கார். அவரும் இங்க செக்ரட்ரியா இருந்தவர்தான்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இந்த..."

ஸ்ரீரங்கன் குழந்தைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். "நீங்க வாத்தியார், யோசிச்சுப் பாருங்கோ. மடிப்பு இல்லேன்னு வெச்சுக்கோங்கோ. அப்புறம் யாரை வெளில நிறுத்தறது? யாரையுமே வெளில நிறுத்தலேன்னா உள்ள இருக்கறவாளுக்கு என்ன சுகம்?"

பவுல்சாமி யோசித்துப் பார்ப்பதற்குள் மேடைப் பக்கமிருந்து குரல் வந்தது. "டாடி!"

ஜொவிட்டா புடவை மாற்றிக்கொண்டு பயணத்துக்குத் தயாராக வந்திருந்தாள். "கேக் வெட்டிட்டுக் கிளம்பணுமாம், ட்ரெய்னுக்கு நேரமாச்சு. அதுக்கு முன்னாடி நீங்க போட்டுவிடுங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்தாள்.

எதை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

ஜோன் தூரத்திலிருந்து கண்களால் கெஞ்சினார். ஜெயராம் தம் தண்டவாளக் கைகளை நீட்டியபடி திரும்பி நின்று பார்த்தார். பவுல்சாமி ஓர் உபாயம் செய்தார். இரண்டடி பின்னால் போய், கையை மடக்காமல் நேரே நீட்டி, கட்டைவிரலை மகளின் நெற்றிக்குக் குறிவைத்தார். வாழ்நாளெல்லாம் போட்ட சிலுவை. ஆனால் தோளிலிருந்து போட்டுப் பழக்கமில்லை. குறுக்குக்கோடு புருவத்தில் விழுந்தது. நெடுக்குக்கோடு மூக்கில் இறங்கிக் கண்ணைக் குத்தப் பார்த்தது.

ஜொவிட்டா சிரித்துவிட்டாள். "இவ்ளோ தள்ளி நின்னா? நான் என்ன ப்ளாக்போர்டா டாடி?" சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் கோணியது. அழுகை வந்துவிட்டது.

பவுல்சாமி பக்கத்தில் போனார். வலது கையை மடக்கினார்.

வேலம்மாவின் கஞ்சி, அப்பளத்தை நொறுக்குகிற சத்தத்தோடு உடைந்தது. அந்த ஹாலில் அப்படியொரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. இடது கையின் கஞ்சியும் உடைந்தது. அந்தக் கையால் அவர் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில், வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில், சின்னதாக ஒரு சிலுவை விழுந்தது.

"மடங்கிடுத்து!" என்று ஜெயராம் கத்தினார்.

எல்லோரும் பயந்துபோய்ப் பங்குத்தந்தையைப் பார்த்தார்கள். அங்கிக்கு மடிப்பு விதி பொருந்தாததால் கவலையில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அவர். கலவரமான நேரத்தில் பங்குத்தந்தைகள் எதைச் செய்வார்களோ அதையே அவரும் செய்தார். எழுந்து, "ஜெபிப்போம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்றார்.

அவ்வளவுதான். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று எல்லோருடைய கையும் சிலுவை போட்டது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. அதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஹாலில் இருந்த அத்தனை முழங்கைகளும் ஒரே நேரத்தில் மடங்கின. அப்பளக் கிடங்கில் யானை புகுந்த மாதிரிச் சத்தம் எழுந்தது. ஜோனின் கையும் போய்விட்டு வந்தது. வந்த கையை அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு அதே கையால் கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, இடுப்பை நன்றாகச் சொறிந்துகொண்டார். உறுப்பினர் ஆன நாளிலிருந்து அங்கே அரித்துக்கொண்டிருந்ததாம்.

விதிப்படி எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். விருந்தும் விருந்து கொடுத்தவரோடு போக வேண்டும் என்பதும் விதி. ஆகவே பிரியாணி அண்டாவும் வெளியே போயிற்று. அண்டாவைத் தூக்க பேரர்கள் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்கும் பசிக்கும்தானே. தெருவிளக்கின் கீழே, யாருடைய காரின் மூக்கிலோ வைத்து கேக்கை வெட்டினார்கள். கோட்டுகள் மதில்மேல் குவிந்தன. அன்றைக்குத்தான் பங்கில் பலருக்குத் தங்கள் கையாலேயே சாப்பிடுவதில் எவ்வளவு ருசி என்று தெரிந்தது.

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே அவசரக் குழுக் கூட்டம் நடந்தது.

பவுல்சாமி மட்டும் கோட்டைக் கழற்ற மறந்து, கையில் தட்டோடு மதிலோரமாக நின்றிருந்தார். கேட்டுப் பக்கமிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"சார்... வாத்தியார் சார்..."

ஸ்ரீரங்கன் கம்பிகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். முகம் விசித்திரமாகக் கோணியிருந்தது. கண்களில் நீர் தேங்கியிருந்தது.

"மூக்கு அரிக்கறது சார். பேரர் ஒருத்தனும் இல்லை. பிரெசிடெண்டுக்கும் அரிக்கறது, அவர் தூண்ல தேச்சுண்டிருக்கார். நான் செக்ரட்ரி, அப்படிப் பண்ணப்படாது."

பவுல்சாமி தட்டைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, கம்பிகளுக்கிடையே நீட்டிச் சொறிந்துவிட்டார்.

"கொஞ்சம் மேல... ஆங், அங்கதான். அப்பாடா!" ஸ்ரீரங்கன் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது, நொறுங்கிச் சுருங்கிய கோட்டுக் கை தம் முகத்துக்கு நேரே இருப்பதைப் பார்த்தார். முகம் கடுமையானது. "போறும் சார். கையை வெளில எடுங்கோ. மடிப்புக் கலைஞ்ச கை கேட்டுக்குள்ள வரப்படாது."

பவுல்சாமி கையை எடுத்துக்கொண்டார்.

அவர் குனிந்து தட்டை எடுத்தார். பிறகு ஸ்ரீரங்கன், "இப்போ இந்தப் பக்கம் அரிக்கறது" என்றார்.

"மூக்கை வெளிய நீட்டுங்க சார். மூக்குக்கு விதி இல்லையே."

ஸ்ரீரங்கன் ஆழ்ந்து யோசித்தார். "கமிட்டியைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

"டாடி, வண்டி வந்தாச்சு!" என்று மகள் கூப்பிட்டாள். பவுல்சாமி திரும்பி நடந்தார். பின்னால், கேட்டின் துருப்பிடித்த கம்பியில் எதுவோ மெல்ல உரசும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதையாக இருக்காது.